சாக் பெயின்டா, எனாமலா, பழைய பாலிஷா? டர்பன் வீட்டு மர சாமானுக்கு எது சரி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் எந்த வீட்டுக்குள்ள போனாலும் தாத்தா ஆயா காலத்து மர சாமான் ஒண்ணாவது கண்ணுல படும், உருண்டைய நகம் கவ்விப் பிடிச்சிருக்கற கால் வச்ச இம்புயா டைனிங் டேபிள், கண்ணாடி போட்ட டிஸ்ப்ளே கேபினட், இல்லன்னா போர்வை புடவை வைக்கற கிஸ்ட். தீபாவளிக்கு முன்னாடி வீட்ட புதுசாக்கணும்னு இப்போ எல்லாரும் பளபளப்பு இல்லாம சுண்ணாம்பு மாதிரி காயற சாக் பெயின்ட் டப்பாவோட கிளம்பிடறாங்க. எனக்கு அந்த பெயின்ட் ரொம்பப் பிடிக்கும், ஆனா எதுக்கு அடிக்கறோம்னு பாக்காம அடிச்சா நல்ல சாமான் வீணாப் போயிடும், அதனால தான் இவ்வளவு விவரமா எழுதறேன்.

முதல்ல மரம் என்னன்னு பாருங்க. இம்புயாவா இருந்தா தயவுசெஞ்சு பெயின்டே வேண்டாம். அது தெற்கு பிரேசில் மரம், இங்க நம்ம நாட்டு மரமான ஸ்டிங்க்வுட் கிடைக்கறது குறைஞ்ச பிறகு அதுக்கு பதிலா கப்பல்ல வந்து நம்ம ஊர் ஃபர்னிச்சர்ல பெரிய இடம் பிடிச்சுது, ரெண்டுமே ஓகோட்டியாங்கற ஒரே பேரினம். பிரேசில்லயே அந்த மரம் இப்போ அழியற ஆபத்துல இருக்கற பட்டியல்ல இருக்கு, அதனால உங்க லவுஞ்ச்ல நிக்கற டேபிள் மாதிரி இன்னொண்ணு புதுசா கிடைக்கறது கஷ்டம். கறுப்பா மங்கிப் போயிருக்குன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேரு பாக்கறது மரத்த இல்ல, வருஷக்கணக்கா மேல மேல ஏத்தின பாலிஷும் சமையல் புகையும் தான். டர்ப்ஸ்ல (டர்பன்டைன்) நனைச்ச மெல்லிசு ஸ்டீல் வுல்லால மரத்தோட ரேகை போற பக்கமாவே தடவித் துடைச்சுப் பாருங்க, அடியில இருந்து அந்த பழுப்புத் தங்கக் கலர் வெளிய வரும். மறைவான இடத்துல ஒரு சொட்டு மெத்ஸ் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) வச்சு, கொஞ்ச நேரத்துல பிசுபிசுன்னு ஆனா அது அரக்கு பாலிஷ், அதுக்கு மேலயே புது அரக்கு பாலிஷ் மெல்லிசா ஏத்தலாம், பழசோட கரைஞ்சு ஒட்டிக்கும். உப்புத்தாள் போட்டே ஆகணும்னா மாஸ்க் போடுங்க, இம்புயா தூசி மூக்கையும் தொண்டையையும் நல்லா எரிக்கும். ஒரு தடவ சாக் பெயின்ட் அந்த செதுக்கல்லயும் ரேகையிலயும் இறங்கிட்டா முழுசா எடுக்கறது பெரிய பாடு, பிள்ளைங்க நாளைக்கு மரக் கலர் வேணும்னு கேட்டா வழி இல்லாம போயிடும். கியாட்டுங்கற ஆப்பிரிக்க மரத்துக்கும் இதே தான் சொல்வேன்.

பெயின்ட் அடிக்க வேண்டியது பைன் சாமான், மேல ஒட்டின மெல்லிசு மரத் தகடு உரிஞ்ச அலமாரி, ஏற்கனவே யாரோ பெயின்ட் அடிச்சு வச்சது. செகண்ட் ஹேண்ட் கடையில பைன் சைட்போர்ட் ஒண்ண வாங்கி பக்கி வண்டியில (பிக்கப்) ஏத்திட்டு வந்தீங்கன்னா தாராளமா அடிங்க. இங்க தான் சாக் பெயின்டா எனாமலாங்கற கேள்வியே வருது.

சாக் பெயின்ட் 1990ல இங்கிலாந்துல ஆனி ஸ்லோன்ங்கற அம்மா கொண்டு வந்தது, உப்புத்தாள் வேண்டாம், பிரைமர் வேண்டாம், நேரா அடிக்கலாம்ங்கறது தான் அதோட பெரிய கவர்ச்சி. தண்ணி பெயின்ட், வாசனை கம்மி, சீக்கிரம் காஞ்சிடும், சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சா ரெண்டாவது கோட் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும், ஃபிளாட்ல இருக்கறவங்களுக்கு இது பெரிய வசதி. எனாமல் அப்படி இல்ல, தேய்க்கணும், அண்டர்கோட் போடணும், ஆயில் எனாமலா இருந்தா ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ராத்திரி காத்திருக்கணும், வீடு பூரா நாறும், வெள்ளைக் கலர் வெளிச்சம் கம்மியான ரூம்ல மஞ்சளாவும் மாறும். மஞ்சளாகறது பிடிக்கலன்னா தண்ணியில கரையற எனாமல் வாங்குங்க, நான் இப்போ அதத்தான் சொல்றேன். உப்புத்தாள் வேண்டாம்னு சொன்னாலும் சாக் பெயின்டுக்கு முன்னாடி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கற சுகர் சோப் போட்டு கழுவறத விட்டுடாதீங்க, நம்ம வீட்டுல தாளிக்கற எண்ணெய்ப் புகை எல்லாத்து மேலயும் படிஞ்சிருக்கும், அது மேல எந்த பெயின்டும் நிக்காது.

ஆனா உண்மையான வித்தியாசம் பெயின்ட் காஞ்ச பிறகு தான் தெரியும். சாக் பெயின்ட் சுண்ணாம்புச் சுவர் மாதிரி எதையும் உறிஞ்சும், அதனால மேல வாக்ஸோ வார்னிஷோ கட்டாயம். வாக்ஸ் தடவினா கைக்கு அவ்வளவு மிருதுவா இருக்கும், பாக்கவும் அழகு, ஆனா அது முழுசா இறுக மூணு வாரம் கிட்ட ஆகும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப தடவணும், தேன்மெழுகு அறுபத்து சொச்சம் டிகிரியிலேயே உருகிடும். இப்போ சாமி விளக்கு வைக்கற அலமாரிய நினைச்சுப் பாருங்க. எண்ணெய் சொட்டும், கற்பூரத் தட்டு சூடா உக்காரும், மஞ்சள் குங்குமம் சிந்தும். வாக்ஸ் போட்ட வெள்ளை சாக் பெயின்ட் மேல மஞ்சத்தூள் விழுந்தா கறை உள்ள இறங்கிடும், துடைச்சு எடுக்கவே முடியாது. சாமி அலமாரிக்கு எனாமல் தான், சந்தேகமே வேண்டாம், தட்டுக்கு அடியில ஒரு டைலும் வச்சிடுங்க. சாப்பாட்டு மேஜைக்கும் அதே தான், கறிச் சட்டிய அப்படியே கொண்டு வந்து வைக்கற வீடு நம்ம வீடு. சாக் பெயின்ட் கலர் தான் வேணும்னு மனசு கேட்டா தண்ணி வார்னிஷ் மூணு கோட் போடுங்க, ஆனா வாக்ஸ் தடவின மேல வார்னிஷ் ஒட்டாது, முன்னாடியே முடிவு பண்ணிடணும். பெட்ரூம் டிராயர், புக் ஷெல்ஃப், கண்ணாடி ஃப்ரேம், இதுக்கெல்லாம் சாக் பெயின்டும் வாக்ஸும் அடிச்சுக்க ஆளே இல்ல. வெளியில ஸ்டூப்ல (திண்ணையில) வைக்கற பெஞ்சுக்கு மட்டும் வாக்ஸ் வேண்டாம், கடல் காத்தும் வெயிலும் அத நிக்க விடாது.

இன்னொரு தொல்லை, செவப்பு மரத்து மேல வெள்ளை அடிச்சா ரெண்டு நாள்ல ரோஸ் கலர்லயோ பழுப்புலயோ கறை மேல வரும். மரத்துக்குள்ள இருக்கற டானின் தண்ணி பெயின்ட்ல கரைஞ்சு ஏறறது அது, எத்தன கோட் அடிச்சாலும் திரும்ப வரும். முன்னாடியே மெழுகு எடுத்த ஷெல்லாக் (அரக்கு) ரெண்டு மெல்லிசு கோட் போட்டா நின்னுடும்.

பால் பெயின்ட்னு ஒண்ணும் விக்கறாங்க, பொடியா வரும், கேசின்ங்கற பால் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்தது, தண்ணியில கலக்கினா சீக்கிரம் கெட்டுடும், பழைய வார்னிஷ் மேல அடிச்சா இஷ்டத்துக்கு உரியும். வெறும் மரத்துக்கு மட்டும் நல்லது. வீட்டுலயே எமல்ஷன்ல கலந்து சாக் பெயின்ட் பண்றவங்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடாதீங்க, அடிச்சு முடிக்கறதுக்குள்ள டப்பாவுலயே இறுகிடும், கால்சியம் கார்பனேட் போட்டா அந்தத் தொல்லை இல்ல.

எந்த வழிய எடுத்தாலும் ரெண்டு விஷயம் முதல்ல பாத்துடுங்க. மரத்துல சின்ன ஓட்டையும் அடியில புது மாவுத் தூளும் இருந்தா உள்ள பூச்சி இன்னும் வேலை செய்யுது, மருந்து போடாம பெயின்ட் அடிக்கக் கூடாது. பழைய பெயின்ட் இருக்கற சாமான உலர்ந்த உப்புத்தாள்ல தேய்க்காதீங்க, தென்னாப்பிரிக்காவுல பெயின்ட்ல ஈயத்துக்கு 600 பிபிஎம்னு (பத்து லட்சத்துல 600 பங்கு) சட்ட வரம்பு வந்ததே 2009ல தான், அதுக்கு முன்னாடி அடிச்சதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியாது. குழந்தைங்க இருக்கற வீடுன்னா அந்தத் தூசியே வேண்டாம், கழுவிட்டு அப்படியே மேல அடிச்சு மூடிடுங்க, அந்த ஒரு வேலைக்கு சாக் பெயின்ட் மத்த எல்லாத்தையும் விட மேல்.