ஒட்டுக் கத்திரி நாற்று என்று சொன்னால் க்ளிப்பைக் கழற்றிப் பாருங்கள்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். தாம்பரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் 'சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்திரி' (சுண்டையின் அடித்தண்டில் கத்திரியின் மேல்தண்டை வெட்டிப் பொருத்தியது) என்று ஒருவர் நாற்று விற்கிறார். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஏற்ற குட்டி உருண்டை, ஊதா நிறம், வாடவே வாடாது, புழு அண்டாது, இரண்டு வருஷம் பறிக்கலாம் என்று வாக்குறுதி. நாற்று ஒன்று 45 ரூபாய். சாதாரண குழித்தட்டு நாற்று சில ரூபாய்க்கே கிடைக்கும்.

ஒட்டுக் கத்திரி பொய்யான சரக்கு இல்லை. சுண்டை வேர் வாடல் நோயையும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகமே இந்த ஒட்டு முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. ஒரே மண்ணில் திரும்பத் திரும்பக் கத்திரி வைக்கும் நமக்கு 45 ரூபாய் கொடுத்தாலும் தகும். அந்த நம்பிக்கையில்தான் அவர் கை வைக்கிறார்.

நானும் வாங்கினேன். வந்த நாற்றுகளில், ஒட்டிய இடத்தைப் பிடித்துவைக்க மாட்டுவதுபோல, தண்டைச் சுற்றி பிளாஸ்டிக் க்ளிப் மாட்டியிருந்தது. "க்ளிப் மறையற அளவுக்கு மண் அணைச்சு நடுங்க அக்கா" என்று குரல்பதிவு வேறு அனுப்பினார். செய்யவேண்டியதற்கு நேர் எதிர் இது. ஒட்டு மண்ணுக்கு மேலேதான் இருக்கணும். புதைத்தால் மேல்தண்டே வேர்விட்டு, நோய் அந்த வழியாக ஏறிவிடும். அதைவிட முக்கியம், புதைத்த க்ளிப்பை யாரும் கழற்றிப் பார்க்கப்போவதில்லை!

மழை பிடித்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன். வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல இறங்கியது. பாக்டீரியா வாடல். எது வராது என்று காசு வாங்கினாரோ அதே நோய். க்ளிப்பைக் கழற்றினால் தண்டு வழவழவென்று இருக்கிறது. வெட்டிய தழும்பே இல்லை. சும்மா நாற்றுக்கு க்ளிப் மாட்டி விற்றிருக்கிறார்.

ஒன்றே ஒன்று நிஜ ஒட்டு. அதிலும் மேலே கட்டிய கத்திரி கருகிப்போய், அடியிலிருந்து சுண்டை தழைத்து முள்ளோடு வெள்ளைப் பூ பூத்தது. பிழைத்த மற்றவை காய்த்தது நீளமான பச்சைக் காய். தண்டு துளைப்பான் புழு தாராளமாக வந்தது. வரத்தான் செய்யும்; அந்துப்பூச்சி இலையிலும் தளிரிலும் முட்டையிடுகிறது, வேர் சுண்டையாக இருந்தால் அதற்கென்ன? வாடிய நுனியைத் துளைக்குக் கீழே கிள்ளி அழிப்பதுதான் வழி.

கேட்டதற்கு முதலில் "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க", பிறகு "உங்க மண்ணு சரியில்ல". தழும்பில்லாத தண்டைப் படம் எடுத்து அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார்.

வாங்கும்போதே ஒரு க்ளிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நிஜ ஒட்டில் சாய்வாகவோ ஆப்பு வடிவிலோ வெட்டிச் சேர்த்த தழும்பு தெரியும், அந்த இடம் கொஞ்சம் புடைத்திருக்கும், மேலும் கீழும் தண்டின் நிறம் ஒன்றாக இருக்காது. திறந்து காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள். ரகத்தின் பெயரை எழுதிய பில் கேளுங்கள். 'நாட்டு ஊதா' என்பதெல்லாம் ரகத்தின் பெயர் ஆகாது. பக்கத்தில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் 'விதை' என்பதற்குள் நாற்றும் ஒட்டும் சேர்த்தி. விற்பவருக்கு உரிமம் இருக்கிறதா என்று உங்கள் மாவட்ட விதை ஆய்வாளரிடம் கேட்கலாம். பணம் போனதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. யூபிஐ ரசீது, உரையாடல், குரல்பதிவு எதையும் அழிக்காதீர்கள். நான் அவற்றை வைத்துத்தான் புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆள் இப்போது வேறு எண்ணில், அதே கத்திரிக்காய்ப் படத்தைப் போட்டு, 'ஒட்டு மிளகாய்' என்றும் சேர்த்து விற்கிறார்.