‘ஹெடர் தனி வைப்பு’ என்று பணம் வாங்குகிறார்கள்: கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மெய்நிகர் கணினிகளை (பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளை) மாத வாடகைக்கு விடும் நிறுவனங்கள் சில, ‘ஹெடர் தனி வைப்பு’ என்ற பெயரில் ஒரு கூடுதல் சேவையை விற்கின்றன. உங்கள் வட்டைக் குறியாக்கம் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி), அதைத் திறக்கத் தேவையான ஹெடரை மட்டும் பிரித்து வேறோர் இடத்தில் வைப்பார்களாம். வட்டை முழுவதுமாக எவன் அள்ளிக்கொண்டு போனாலும் ஒன்றும் செய்ய முடியாதாம். கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நான் அந்தச் சேவையை வாங்கி, பட்டு, வெளியே வந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெடர் என்பது என்ன என்று தெரிந்தால்தான் அவர்கள் செய்தது எவ்வளவு அபத்தம் என்பது புரியும். லினக்ஸில் வட்டைப் பூட்டப் பெரும்பாலும் பயன்படுவது லக்ஸ். நாம் கொடுக்கும் கடவுச்சொல் தரவை நேரடியாகப் பூட்டுவதில்லை. கணினி தானே உருவாக்கும் ஒரு மூலச் சாவிதான் தரவைப் பூட்டுகிறது. அந்த மூலச் சாவியைக் கடவுச்சொல்லால் பூட்டி ஹெடரில் வைக்கிறது. 2017 இறுதியில் வெளிவந்த லக்ஸ் 2 வடிவத்தில் ஹெடரின் வழக்கமான அளவு 16 எம்பி. 64 பைட் சாவியை 4000 மடங்கு விரித்து எழுதுவதால் ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் ஏறத்தாழ கால் எம்பி இடம் போகிறது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: அந்த இடத்தில் ஒரு துளி அழிந்தாலும் சாவி திரும்பக் கிடைக்காது. விவரக் குறிப்புகளுக்கு ஹெடருக்குள்ளேயே இரண்டாம் பிரதி உண்டு. சாவி இருக்கும் பகுதிக்குக் கிடையாது. ஹெடர் போய்விட்டால் கடவுச்சொல்லை மனப்பாடமாகச் சொன்னாலும் வட்டு திறக்காது.

மெய்நிகர் கணினியின் வட்டு என்பது வாடகைக்கு விடுபவரின் சேமிப்பகத்தில் கிடக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். பேக்கப், ஸ்னாப்ஷாட் (கணினியின் ஒரு நொடி நிலையை அப்படியே பதிவது), இடமாற்றம் என்று அதற்கு எத்தனை பிரதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது நமக்குத் தெரியாது. ஹெடரும் அதே கோப்பில் இருந்தால், பிரதி கையில் கிடைத்தவன் நிதானமாக உட்கார்ந்து கோடிக்கணக்கான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். ஹெடர் வேறிடத்தில் இருந்தால் போட்டுப் பார்க்கவே ஒன்றும் இல்லை. அவன் கையில் இருப்பது வெறும் தாறுமாறான பைட்டுகள். ஆகவே பிரித்து வைப்பது நல்ல யோசனைதான். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

விற்பனைக்கு வந்தவர் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சொல்லி எங்கள் ஆடிட்டரின் முகத்தைப் பார்த்தார். அது சட்டத்தில் உள்ளதுதான், பொய்யில்லை. அடுத்துச் சொன்னவைதான் பொய்: “ஹெடர் வேறு தரவு மையத்தில் இருக்கும் சார். எங்கள் ஊழியர்களே நினைத்தாலும் உங்கள் வட்டைத் திறக்க முடியாது.” கணக்கு சர்வர் ஒன்று, ஆவண சர்வர் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியாகக் கூடுதல் கட்டணம். இன்வாய்ஸில் மாதந்தோறும் அந்த வரி தவறாமல் வந்தது.

கணினிக்குள்ளிருந்து பார்த்தால் ஹெடர் ஒரு சிறிய இரண்டாவது வட்டில் இருந்தது. அந்த வட்டு உண்மையில் எந்த ஊரில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை உள்ளேயிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. நிறுவனம் சொல்வதை நம்புவதுதான் வழி. என் வழக்கப்படி இரண்டு ஹெடர்களையும், லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்அப் கட்டளையால் பிரதி எடுத்து, அலுவலக இரும்புப் பெட்டியில் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தேன்.

ஓர் இரவு அவர்களுடைய சேமிப்பகம் பழுதானது. பழுதாவது இயல்பு, அதற்காக யாரையும் திட்டமாட்டேன். காலையில் கணக்கு சர்வரை பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. ஆனால் தரவு வட்டு திறக்கவில்லை. அவர்களுடைய உதவி மையத்துக்குப் புகார் போட்டேன். சிறிது நேரத்தில் பதில்: “உங்கள் வட்டை ஆய்வு செய்தோம். அதில் எந்தக் கோப்பு முறையும் இல்லை, காலியாக இருக்கிறது. புதிதாக பார்மட் செய்து தரட்டுமா?”

இந்த வரியை மூன்று முறை படித்தேன். ஹெடரைப் பிரித்துவிட்ட வட்டில் லக்ஸ் என்ற அடையாளமே இருக்காது. வட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கமான கருவிகள் தெரிந்த எந்தக் கோப்பு முறையும் இல்லை என்றுதான் சொல்லும். அந்தச் சேவையை விற்ற நிறுவனத்தின் உதவி மையத்துக்கே அது தெரியவில்லை. அவசரத்தில் இருக்கும் ஒருவர் ‘சரி, செய்யுங்கள்’ என்று பதில் போட்டிருந்தால் அத்தனை வாடிக்கையாளர்களின் வருமான வரிக் கணக்குகளும் அந்த நிமிடத்தோடு முடிந்தன. “எதையும் தொடாதீர்கள். ஹெடர் இருந்த சிறிய வட்டு எங்கே?” என்று கேட்டேன். அதற்குப் பதில் வர மாலையாகிவிட்டது.

வந்த பதிலில்தான் குட்டு வெளிப்பட்டது. அந்தச் சிறிய வட்டு வேறு தரவு மையத்தில் இல்லை. வேறு சேமிப்பகத்தில்கூட இல்லை. பெரிய வட்டு இருந்த அதே சேமிப்பகத்தில், அதே மெய்நிகர் கணினியின் அதே கோப்புறையில் இருந்திருக்கிறது. அதோடு போகவில்லை. அவர்கள் பயன்படுத்தும் மெய்நிகர் கணினி மென்பொருளான விஎம்வேரில் ஒரு வட்டை ‘இன்டிபென்டென்ட்’ என்று குறித்துவிட்டால் அது ஸ்னாப்ஷாட்டில் சேராது. ஸ்னாப்ஷாட்டை நம்பி எடுக்கும் பேக்கப்பிலும் சேராது. ஹெடர் வட்டை அப்படிக் குறித்து வைத்து, அதைத்தான் ‘தனி வைப்பு’ என்று விற்றிருக்கிறார்கள். திருட வருபவனுக்கு இரண்டும் ஒரே கோப்புறையில் கிடைக்கும். மீட்க வருபவனுக்கு ஒன்றுதான் கிடைக்கும். பிரிய வேண்டிய இடத்தில் பிரிக்காமல், பிரதி இருந்தே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் பிரித்திருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைப்பவர்களிடமாவது மாற்றுச் சாவி ஒன்று இருக்கும்.

பென்டிரைவில் இருந்த பிரதி எங்களைக் காப்பாற்றியது. அதைக் கொடுத்ததும் வட்டு திறந்தது, பேக்கப் எடுத்த இரவு வரையிலான கணக்குகள் முழுதாக இருந்தன. ஆனால் அந்த வேலையின்போதுதான் இதைவிடப் பெரிய விஷயம் கண்ணில் பட்டது.

எந்தக் கோப்பு எந்தச் சர்வருக்கானது என்று உறுதி செய்துகொள்ள, ஹெடரின் விவரங்களைக் காட்டும் லக்ஸ்டம்ப் கட்டளையை இரண்டு ஹெடர் பிரதிகள் மீதும் ஓட்டினேன். இரண்டிலும் யுயுஐடி (ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அமைய வேண்டிய அடையாள எண்) ஒன்றே. கைத்தவறுதலாக ஒரே கோப்பு இரண்டு முறை பதிவாகியிருக்கலாம் என்று பார்த்தால், இல்லை. நான் வைத்த கடவுச்சொற்களின் பகுதிகள் வேறுவேறு. ஆனால் கீழே, மூலச் சாவியைச் சரிபார்க்கும் டைஜஸ்ட் என்ற பகுதியில் உப்பு (கணக்கிடும்போது கலக்கும் தற்செயல் பைட்டுகள்), மதிப்பு இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. மேலே, ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் உரிய இடமான ஸ்லாட்டுகளைப் பார்த்தால் நான் வைத்த கடவுச்சொல் ஸ்லாட் 1இல் இருக்கிறது. ஸ்லாட் 0இல் எனக்குத் தெரியாத ஒரு கடவுச்சொல், இரண்டு ஹெடர்களிலும்.

சோதித்துப் பார்த்தேன். கணக்கு சர்வரின் ஹெடரை எடுத்து, கணக்கு சர்வரின் கடவுச்சொல்லைக் கொடுத்து, ஆவண சர்வரின் வட்டைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறந்தேன். திறந்தது. கோப்புகள் வரிசையாக வந்து நின்றன.

அதாவது, ஒரு மாதிரிக் கணினியை ஒரே ஒருமுறை குறியாக்கம் செய்துவிட்டு, அதையே ஒவ்வொரு முறையும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு சர்வர்களுக்கும் மூலச் சாவி ஒன்று. அதே மாதிரியிலிருந்து வேறு யாருக்கெல்லாம் கணினி போயிருக்கிறதோ அவர்களுக்கும் அதுதான் மூலச் சாவி. அவர்களில் ஒருவர் தன்னுடைய ஹெடரிலிருந்தே, தன்னுடைய கடவுச்சொல்லைக் கொண்டே, என் வட்டைத் திறக்கலாம். லக்ஸ் போட்ட கணினியை அப்படியே நகலெடுத்துப் பரப்பக்கூடாது என்பது கிரிப்ட்செட்அப்பின் கேள்வி-பதில் ஆவணத்திலேயே எச்சரிக்கையாக இருக்கிறது. படிக்கவில்லையா, படித்தும் அலட்சியமா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

எழுதிக் கேட்டதற்கு முதலில் “ஸ்லாட் 0 நிறுவலுக்கான தற்காலிகச் சாவி” என்றார்கள். பிறகு அதை நீக்கிவிட்டோம், இனி ஆபத்தில்லை என்றார்கள். இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கடவுச்சொல்லை நீக்குவதாலும் மாற்றுவதாலும் மூலச் சாவி மாறாது. பழைய ஹெடரின் பிரதி ஒன்று எங்காவது இருந்தால், பழைய கடவுச்சொல்லோடு சேர்த்து அது என்றைக்கும் வேலை செய்யும். மூலச் சாவியை மாற்ற வேண்டுமானால் வட்டு முழுவதையும் மறுகுறியாக்கம் செய்ய வேண்டும், அல்லது புதிய வட்டைப் புதிதாகப் பூட்டித் தரவை அங்கே கொண்டுபோக வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன், வேறு நிறுவனத்தில்.

“எங்கள் ஊழியர்களே திறக்க முடியாது” என்ற வாக்குறுதிக்கும் வருகிறேன். ஹெடரை நிலவிலேயே கொண்டுபோய் வைத்தாலும் அது உண்மையாகாது. வட்டு திறந்து கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை மூலச் சாவி நினைவகத்தில் இருக்கிறது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசரை ஆள்பவர் நினைவகத்தோடு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் சாவியும் அதில் விழுந்துவிடும். நினைவகப் பதிவில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் சாவியைத் தேடி எடுக்கும் கருவிகள் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. ஹெடரைப் பிரிப்பது, நிறுத்தி வைத்த வட்டின் பிரதிகளுக்கும் பழைய பேக்கப்புகளுக்கும்தான் காவல். ஓடும் கணினிக்கு அல்ல. இதைச் சொல்லாமல் விற்பவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்து மறைப்பவர்.

இப்போது ஹெடரை யாரிடமும் கொடுப்பதில்லை. இயங்குதளம் இருக்கும் வட்டு பூட்டப்படாமல் தானாக எழும். தரவு வட்டு மட்டும் பூட்டியிருக்கும். சர்வர் மறுபடி எழுந்தால் அலுவலகத்திலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக ஹெடரை, வட்டில் எழுதாமல் அதன் நினைவகத்திலேயே இருக்கும் கோப்புறைக்கு அனுப்பி, வட்டைத் திறந்து, உடனே அந்தக் கோப்பை அழித்துவிடுகிறேன். திறந்த பிறகு லக்ஸுக்கு ஹெடர் கோப்பு தேவைப்படாது. நள்ளிரவில் சர்வர் எழுந்தால் யாராவது எழுந்து உட்கார வேண்டும், அது தொல்லைதான். கடவுச்சொல் மாற்றினாலோ ஸ்லாட் சேர்த்தாலோ ஹெடரைப் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டும். மறுகுறியாக்கம் செய்தால் அதற்கு முந்தைய பேக்கப்புகளைத் திறக்கப் பழைய ஹெடரையும் தேதி போட்டு வைத்திருக்க வேண்டும். தரவு வட்டுக்கு ‘தொடாதே’ என்று பெயர் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், ‘காலி’ என்று நினைப்பவர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு.

இதே சேவையை நீங்கள் வாங்கியிருந்தால், இன்றே லக்ஸ்டம்ப் ஓட்டுங்கள். நீங்கள் வைக்காத ஸ்லாட் இருக்கிறதா, உங்கள் இரண்டு சர்வர்களின் யுயுஐடியும் டைஜஸ்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு சர்வர்தான் இருக்கிறது என்றால் அதே நிறுவனத்தில் சர்வர் வைத்திருக்கும் நண்பரிடம் யுயுஐடியை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள். அதைச் சொல்வதால் அவருக்கு ஆபத்தில்லை. ஹெடர் எந்தச் சேமிப்பகத்தில் இருக்கிறது, எந்த பேக்கப்பில் சேர்கிறது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். உங்கள் கண்முன் ஒருமுறை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ‘நல்லெண்ண அடிப்படையில்’ ஒரு மாதக் கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். மீதிக்கு ஒப்பந்தத்தின் பொறுப்பு வரம்புப் பத்தியைக் காட்டுகிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்குமா என்று எங்கள் வழக்கறிஞர் தயங்குகிறார். பழைய ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அந்தப் பொதுச் சாவியால் பூட்டப்பட்டவை. அவற்றை அழித்ததாக எழுத்துபூர்வமான உறுதி கேட்டேன். “நிறுவனக் கொள்கைப்படி உரிய காலத்தில் தானாக அழியும்” என்று பதில் வந்தது. உரிய காலம் எவ்வளவு என்று கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.