பழைய டர்ன்டேபிள்: டெக்னிக்ஸா, தோரன்ஸா, லெங்கோவா?

பழைய டர்ன்டேபிள் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது “எது நன்றாகப் பாடும்?” என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். உங்கள் அலமாரியில் எந்த வகை இசைத்தட்டு இருக்கிறது, விலைக்கு வந்திருக்கும் பெட்டி எந்த நாட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால் பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். இசைத்தட்டு உட்காரும் சுழல்தட்டை, சுருக்கமாகத் தட்டை, சுழற்றும் விதத்திலேயே மூன்றும் வேறுவேறு. 1979இல் வந்த ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2இல் பெல்ட்டும் கிடையாது, சக்கரமும் கிடையாது; தட்டே மோட்டாரின் ஒரு பாகம். 1972இல் வந்த தோரன்ஸ் டிடி 160 சுவிஸ் பெயர், ஜெர்மனித் தயாரிப்பு. இதில் ரப்பர் பெல்ட் தட்டை இழுக்கும். 1967இன் லெங்கோ எல்75 அசல் சுவிஸ் சரக்கு. ஒரு ரப்பர் சக்கரம் செங்குத்தாக நின்று தட்டின் அடிப்பக்கத்தை உரசிச் சுழற்றும். இன்னொரு பேர்பெற்ற பழைய பெட்டியான கேரார்ட் 301 எங்கே என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அது பின்னால் வருகிறது.

அலமாரியைத் திறந்து பாருங்கள்

சினிமாப் பாட்டு இருக்கும் சின்ன ஈபிக்கள் பெரும்பாலும் 45 வேகம் (நிமிடத்துக்கு 45 சுற்று), பெரிய எல்பிக்கள் 33. இவை மட்டும்தான் உங்களிடம் என்றால் மூன்றில் எதுவும் சரி. ஆனால் தாத்தா காலத்து 78கள், அதாவது கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி நொறுங்கும் அரக்குத்தட்டுகள் இருந்தால் கதை மாறுகிறது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரமும் கே.பி. சுந்தராம்பாளின் குரலும் முதலில் வீடு வந்து சேர்ந்தது அந்தத் தட்டுகளில்தான். எம்கே2இலும் டிடி 160இலும் 78 வேகமே கிடையாது. லெங்கோவில் 16, 33, 45, 78 நான்கும் உண்டு. இடைப்பட்ட வேகங்களும் உண்டு. அதன் மோட்டார் அச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகச் சிறுத்துக்கொண்டே போகும். ரப்பர் சக்கரத்தை அதன் மேல் நகர்த்தினால் வேகம் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு மாறும்.

இதன் அருமை 78 கேட்பவர்களுக்குத்தான் புரியும். பழைய பதிவுகள் எல்லாம் கறாராக 78இல் செய்யப்பட்டவை அல்ல. முன்னே பின்னே இருக்கும். பக்கத்தில் ஒரு சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, பாடகரின் சட்ஜமம் சேரும் வரை லெங்கோவின் நெம்புகோலை நகர்த்தலாம். மற்ற இரண்டிலும் இது நடக்காது. டெக்னிக்ஸில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதே என்றால், அது 33க்கும் 45க்கும் மேலும் கீழும் எட்டு சதவீதம் மட்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்பி முள்ளை 78இன் மேல் வைக்காதீர்கள். எல்பி முள்ளின் முனை ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 78இன் அகன்ற பள்ளத்துக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு அளவு வேண்டும். மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் போய்க் கிடந்து இரைச்சலைத்தான் எடுத்துத் தரும். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜை (முள் பொருந்தியிருக்கும் சின்ன பாகம்) அப்படியே வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் மாற்றலாம். அதில் எஸ்பி என்ற முள் 78க்கானது. அழுத்தத்தையும் மாற்ற வேண்டும்: எல்பி முள்ளுக்கு 2 கிராம் அளவு, 78க்கு 5 கிராம் அளவு.

சுவரில் வரும் மின்சாரம்

பலரும் ஏமாறும் இடம் இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றதும் “ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் போச்சு” என்பார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஃப்ரீக்வென்சியை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, தொடாது. நம்மிடம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. தோரன்ஸின் மோட்டார் அந்த ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுழல்கிறது. அமெரிக்காவில் விற்ற டிடி 160ஐ இங்கே ஓட்டினால் 33⅓ சுற்ற வேண்டிய தட்டு நிமிடத்துக்கு 28 கூடச் சுற்றாது. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டையில், அதுவும் தூக்கக் கலக்கத்தோடு பாடுவார்.

இதற்குத் தீர்வு 50 ஹெர்ட்ஸ் புல்லி, அதாவது மோட்டார் அச்சில் பெல்ட் ஓடும் சின்ன உருளை. அது 60க்கான புல்லியை விட ஐந்தில் ஒரு பங்கு பருமன். கிடைக்காவிட்டால் கடைந்துகொள்ளலாம், கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால் துளை மையத்திலிருந்து மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஆடும், வீணையிலும் பியானோவிலும் அது உடனே தெரிந்துவிடும். எனவே ஐரோப்பாவில் விற்ற பெட்டியாகப் பார்த்து வாங்குவதே நிம்மதி. அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான்.

டெக்னிக்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டிப்போடுவதால் எத்தனை ஹெர்ட்ஸ் வந்தாலும் கவலையில்லை. வோல்டேஜை மட்டும் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சரக்கு 100 வோல்ட். நேராக நம் பிளக்கில் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். ஏற்றுமதி மாதிரிகள் சிலவற்றில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் தட்டுக்கு அடியிலேயே இருக்கும்.

வயசான பெட்டியில் எது போகும்

டெக்னிக்ஸின் மோட்டார் சாமானியத்தில் போகாது. போவது கை, அதாவது முள்ளைத் தாங்கும் தண்டு. இந்தப் பெட்டிகளில் கணிசமானவை டீஜேக்களிடம் அடிபட்டு வந்தவை. கையை எடைக்கல்லால் சமன்செய்து அந்தரத்தில் மிதக்க விட்டு மெல்ல ஊதுங்கள். எங்கும் சிக்காமல் நகர வேண்டும். பிறகு ஹெட்ஷெல் (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜை மாட்டும் பாகம்) பக்கம் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள்; பேரிங்கில் லொடலொட என்று ஆட்டம் இருந்தால் வேண்டாம். தட்டின் விளிம்பில் உள்ள பெரிய புள்ளிகள் சிவப்பு விளக்கில் நகராமல் நின்றால் வேகம் சரி.

தோரன்ஸில் தட்டும் கையும் சேர்ந்து மூன்று ஸ்பிரிங்குகள் மேல் மிதக்கின்றன. தட்டை நடுவில் மெல்ல அழுத்தி விட்டால் நேராக மேலும் கீழும் ஆட வேண்டும். பக்கவாட்டில் தள்ளாடினால் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடியும். பெல்ட் தளர்ந்திருந்தால் பயப்படாதீர்கள், புதியது இன்றும் கிடைக்கிறது. ஹெட்ஷெல்தான் தலைவலி. டெக்னிக்ஸுக்குப் பொருந்தும் சாதாரண வகை இதில் ஏறாது, எனவே அது இல்லாமல் விற்கும் தோரன்ஸை மலிவு என்று நினைத்து எடுக்காதீர்கள்.

லெங்கோவில் ரப்பர் சக்கரத்தை அச்சோடு ஒட்டவிட்டுப் பல வருஷம் மூலையில் போட்டிருந்தால் ரப்பரில் பள்ளம் விழுந்து, சுற்றும்போது டக் டக் என்று கேட்கும். கையைத் தாங்கும் வி வடிவ ரப்பர் துண்டுகளும் காலத்தில் பொடிந்துபோகும். இரண்டுக்கும் மாற்றுப் பாகம் உண்டு. தட்டு நான்கு கிலோ அளவுக்குக் கனம். மோட்டாரின் அதிர்வு பாட்டில் கலப்பதாக இதன் மேல் ஒரு புகார் உண்டு, உண்மைதான். கனமான மரப்பெட்டியில் பொருத்தினால் பெரிதும் அடங்கும்.

சரி, பாட்டு எப்படி? என் காதுக்கு மிருதங்கத்தின் அடி லெங்கோவில்தான் நெஞ்சில் இடிக்கிறது. வீணையின் கமகம் தோரன்ஸில் இழைகிறது. டெக்னிக்ஸ் தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை; அதைச் சப்பென்று இருக்கிறது என்பவர்களும் உண்டு. ஆனால் நல்ல நிலையில் உள்ள இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை விட, தேய்ந்த முள்ளுக்கும் புது முள்ளுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிது. பெட்டிக்கே எல்லாக் காசையும் கொட்டிவிட்டுப் பழைய முள்ளில் கேட்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கேரார்ட் 301க்கு வருவோம். 1950களில் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் செய்தது, இதுவும் ரப்பர் சக்கர வகை, 78 உண்டு. ஆனால் வருவது வெறும் மோட்டாரும் தட்டும்தான். கையும் மரப்பெட்டியும் தனியாகத் தேட வேண்டும். விலை லட்சத்தைத் தாண்டும். டர்ன்டேபிள் கைகளுக்குப் பேர்போன எஸ்எம்இ நிறுவனமே இன்று பழைய 301களைப் புதுப்பித்து விற்கிறது என்றால் மவுசு புரியும். வீட்டில் பரம்பரையாக இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு இதுதான்: 78கள் இருந்தால் லெங்கோ, யோசிக்கவே வேண்டாம். எல்பியும் ஈபியும் மட்டும், ஸ்குரூ டிரைவரைத் தொடப் பிடிக்காது என்றால் டெக்னிக்ஸ். ஆனால் அதன் பழைய விலை 2019இல் வந்த புதிய எம்கே7இன் விலையை நெருங்கினால் புதியதையே வாங்குங்கள். அதில் 78 வேகமும் சேர்ந்து வருகிறது. 50 ஹெர்ட்ஸ் தோரன்ஸ் ஹெட்ஷெல்லோடு கண்ணில் பட்டால் மட்டும் இந்தக் கணக்கை எல்லாம் ஒதுக்கிவிட்டு எடுத்துவிடுவேன்.

எதை எடுத்தாலும் கூரியரில் வரவழைப்பது ஆபத்து. தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், எடைக்கல்லை எடுக்க வேண்டும், கையைக் கட்ட வேண்டும், தோரன்ஸ் என்றால் ஸ்பிரிங் ஆடாமல் திருகை இறுக்க வேண்டும். தட்டோடு அனுப்பினால் வழியில் அது குதித்துக் குதித்து பேரிங்கைக் கெடுத்துவிடும். விற்பவர் “அப்படியே பார்சல் போட்டுவிடுகிறேன் சார்” என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு பழைய போர்வையோடு நேரில் போய் எடுத்து வாருங்கள். போகும்போது உங்கள் இசைத்தட்டு ஒன்றையும் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள்.