டாக்குமென்ட் கேமராவோடு நான்கு வருடம்

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கும், நடுவே கொஞ்சம் இயற்பியலும் எடுக்கிறேன். வகுப்பில் டாக்குமென்ட் கேமரா வந்து நான்கு கல்வியாண்டு முடிந்துவிட்டது. விஷுவலைசர் என்றும் சொல்வார்கள். வளையும் தண்டின் நுனியில் ஒரு கேமரா, கீழே நோட்டு வைக்க இடம், அங்கிருந்து ஒரு கேபிள் கணினிக்கும் புரொஜெக்டருக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

பாடப்புத்தகப் படங்களைப் பெரிதாகக் காட்டலாம் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். இன்று அந்த ஒரு வேலைக்கு மட்டும் இதைத் தொடுவதே இல்லை. கேமராவின் கீழே புத்தகத்தின் நடுமடிப்பு மேடு தட்டி நிற்கும், வழவழப்பான தாளில் விளக்கு வெள்ளைத் திட்டாக விழும். பிடிஎஃப் இருந்தால் அதையே திறந்துவிடலாம், இதைவிடத் தெளிவாக இருக்கும்.

இதன் அருமை புரிந்தது செய்முறை வடிவியலில். கரும்பலகைக்கென்று இருக்கும் பெரிய மரக் கவராயத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்: சாக்பீஸ் நழுவும், முனை வழுக்கும், நம் முதுகுதான் வகுப்புக்குத் தெரியும். இப்போது அவர்கள் டப்பாவில் இருக்கும் அதே சின்னக் கவராயத்தை எடுத்து, அவர்கள் நோட்டு மாதிரியே ஒரு நோட்டில் வரைகிறேன். "காலைப் பிடிக்காதே, தலையைப் பிடித்துச் சுற்று" என்று வருடக்கணக்காகத் தொண்டை கிழியச் சொன்னதை, என் விரல் இரண்டும் திரையில் சொல்லிவிடுகின்றன. நோட்டில் எழுதுவதால் என் வேகமும் அவர்கள் வேகத்துக்கு இறங்கியது. பலகையில் எழுதிய காலத்தில் நான் எவ்வளவு ஓடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நூறில் ஒரு செ.மீ. வரை அளக்கும் வெர்னியர் அளவியில் ஒரு வேடிக்கை. தாடைகளுக்கு நடுவே ஒரு கோலிக்குண்டு. முதன்மை அளவுகோலில் 1.6 செ.மீ., வெர்னியர் ஒன்றிப்பு, அதாவது முதன்மை அளவுகோலின் ஒரு கோட்டோடு நேராக நிற்கும் வெர்னியர் கோடு, 4, ஆக 1.64 செ.மீ. என்று கருவியைப் பார்த்துச் சொன்னேன். வகுப்பு மொத்தமும் திரையைப் பார்த்து "அஞ்சு சார்" என்றது. இரண்டு முறை சரிபார்த்தேன், நான் சொன்னது சரிதான். அவர்கள் சொன்னதும் சரிதான்! அளவியைத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்ததால் கேமரா அதைச் சாய்வாகப் பார்த்திருக்கிறது. அளவியை லென்ஸுக்கு நேர் கீழே நகர்த்தியதும் ஒன்றிப்பு 4-க்கு வந்துவிட்டது. பார்க்கும் கோணம் மாறினால் அளவும் மாறித் தெரியும் இடமாறு தோற்றப் பிழைக்கு நான் வைத்திருந்த விளக்கத்தை அன்றோடு மூட்டை கட்டினேன். இப்போது வேண்டுமென்றே ஓரத்தில் வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

ஆனால் கேமரா அதிகம் உழைப்பது மாணவர்களின் நோட்டுக்காகத்தான். கணக்கு கொடுத்துவிட்டு நடுவே ஒரு சுற்று வருவேன், ஒரு நோட்டை வாங்கி வந்து கேமராவின் கீழே வைப்பேன். அடைப்புக்குள் இருக்கும் −4-ஐ வெளியே நிற்கும் −3-ஆல் பெருக்கி −12 என்று ஒருத்தி எழுதியிருப்பாள். நான் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் இதில் கஷ்டம். அரை நிமிடம் பொறுத்தால் போதும், பின்வரிசையிலிருந்து ஒருவன் "குறி சார், குறி" என்பான். பத்துப் பேர் குனிந்து சத்தமில்லாமல் தங்கள் நோட்டில் அதே இடத்தைத் திருத்துவார்கள். கற்றலை ஆராய்ந்த ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வில், தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள் அதே மாதிரிக் கணக்குகளைச் சீக்கிரமாகவும் குறைந்த பிழையோடும் முடித்தார்கள். தப்பாகப் போட்ட கணக்கைப் படிப்பதை நான்தான் அதோடு சேர்த்துக்கொண்டேன்.

முதல் வருடம் இதில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு பெண்ணின் நோட்டைக் கேட்காமலே எடுத்து வைத்துவிட்டேன், அட்டையில் இருந்த பெயரும் திரையில் வந்தது. அதன்பின் நான் பக்கத்தில் போனாலே அவள் கையால் நோட்டை மூடிக்கொள்வாள், அந்தப் பருவம் முழுக்க. இப்போது கேட்டுத்தான் எடுப்பேன், பெயரை ஒரு துண்டுத் தாளால் மறைப்பேன். வருடத்தின் முதல் வாரம் நானே வேண்டுமென்று தப்பாகப் போட்ட கணக்குகள்தான் கேமராவுக்குப் போகும்.

கருவியைப் பற்றி: மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. முழுத் தாளையும் நிமிர்த்தி 1080 வரிப் படத்தில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை பிக்சல் சொச்சம்தான் வரும். பொடி எழுத்துக்காரர்களின் நோட்டு கடைசி பெஞ்சுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். அரைப் பக்கம் மட்டும் தெரியும்படி கேமராவை இறக்கினால் தீர்ந்தது. பென்சில் எழுத்து அனேகமாகத் தெரியாது, கறுப்பு ஜெல் பேனாதான் கைகொடுக்கும்.

ஆட்டோ ஃபோகஸ் ஒரு தொல்லை. கை உள்ளே வந்ததும் அது கையைத் தேடும், எழுத்து மங்கும், கையை எடுத்தால் மறுபடி தேடும். தாளை வைத்ததும் ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டிவிடுவேன். திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தால் பயப்பட வேண்டாம், அமைப்பில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், உங்கள் மின்சாரத்துக்கு எது பொருந்துமோ அதற்கு மாற்றினால் போய்விடும். கேமராவோடு வரும் குட்டி விளக்கை அணைத்தே வைத்திருக்கிறேன், அது நேர் மேலிருந்து அடித்துத் தாளில் திட்டு விழ வைக்கிறது. பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு போதும்.

இரண்டாம் வருடம் தண்டின் மூட்டு தளர்ந்தது. பாடம் நடக்க நடக்கப் படம் மெல்லக் கீழே இறங்கும், பிள்ளைகள் தலையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். விற்றவர்களிடம் உதிரி பாகம் இல்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன், இன்றுவரை நிற்கிறது. அதனால் யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், முதலில் தண்டை இருபது முறை மடக்கி நீட்டிப் பாருங்கள் என்பேன். தனி மென்பொருள் இல்லாமல் யுஎஸ்பி வெப்கேம் மாதிரியே ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். என்னுடையதோடு வந்த மென்பொருள் கணினி அப்டேட் ஒன்றில் நின்றேபோனது, சாதாரண கேமரா செயலியில்தான் ஓட்டுகிறேன். செல்போனை ஸ்டாண்டில் மாட்டியும் பார்த்தேன். படம் அருமை, ஆனால் நடுவே வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியை வகுப்பே கோரஸாக வாசித்தது.

பலகையை அழித்துவிட்டு முழுதாக இதற்கே மாறப் பார்த்ததும் உண்டு, ஒத்துவரவில்லை. மேசையோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறேன். பலகையில் முதலில் எழுதிய வரி மணி அடிக்கும்வரை அங்கேயே இருக்கும். இங்கே தாளைத் திருப்பிய மறுவினாடி "சார், முந்தின பக்கம்!" என்று நாலு குரல் வரும். இப்போது சூத்திரத்தையும் கணக்கின் கேள்வியையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் கேமராவுக்கு வருகிறேன். அப்படியும் அந்தக் குரல் வருகிறது, ஒன்றோ இரண்டோ.