சாதா ஆட்டோகேடா, ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலா, ஈபிளானா: ஒரு ரிவிஷன் வந்தா எது தாங்கும்?

கண்ட்ரோல் பேனல் (மோட்டார ஓட்டுற சுவிட்சு, ரிலே எல்லாம் இருக்கற எலக்ட்ரிக்கல் பெட்டி) டிசைனுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு கேட்டா எல்லாரும் கோடு எவ்வளவு வேகமா போடலாம்னுதான் பேசுறாங்க. கோடு போடறதுல யாருக்கும் பெருசா நேரம் போறதில்லங்க, ரிவிஷன்லதான், அதாவது போட்ட டிராயிங்க திருத்துறதுலதான் போகுது. அதனால ஒரே ஒரு ரிவிஷனை எடுத்து எல்லாத்துலயும் ஓட்டிப் பாத்துடலாம்.

5.5 கிலோவாட் பம்ப் மோட்டார்னு சொன்ன கஸ்டமர், அப்ரூவல் எல்லாம் முடிஞ்சப்புறம் 7.5 கிலோவாட்னு மெயில் போடறாரு. நம்ம ஊர் வழக்கத்துல ஏழரை எச்பி வரைக்கும் டிஓஎல் (மோட்டார நேரா முழு வோல்டேஜ்ல ஸ்டார்ட் பண்றது), அதுக்கு மேல ஸ்டார் டெல்டா (முதல்ல கம்மி வோல்டேஜ், அப்புறம் முழுசு) கேப்பாங்க, இது இப்ப பத்து எச்பி. ஒரு காண்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட ஆன் ஆஃப் பண்ற பெரிய ரிலே) இருந்த இடத்துல மூணு வரணும், டைமர் வரணும், ஸ்டாரும் டெல்டாவும் ஒண்ணா ஆன் ஆகாம இருக்க இன்டர்லாக் வரணும், மோட்டாருக்குப் போற மூணு வயர் ஆறாகும், டெர்மினலும் அதே மாதிரி, ஓவர்லோட் ரிலேவ (கரண்ட் அதிகமானா மோட்டார நிறுத்தறது) மோட்டார் வைண்டிங்குக்குப் போற ஃபேஸ் வயர்ல வெச்சா லைன் கரண்ட்ல 58 சதவீதத்துக்கு செட் பண்ணணும் அதனால ரேஞ்சும் மாறும், இதெல்லாம் முடிச்சு பாத்தா பெட்டிக்குள்ள இதெல்லாம் மாட்டுற மவுண்டிங் பிளேட்ல இடம் பத்தல.

சாதா ஆட்டோகேட்ல இதை பண்றவங்கதான் இன்னும் நிறைய பேரு. 1982ல வந்த சாஃப்ட்வேர், எல்லாருக்கும் தெரியும், ஆளும் ஈசியா கிடைப்பாங்க. ஆனா ஒரு காண்டாக்டருக்கு கே5ன்னு நீங்க எழுதின பேரு அதுக்கு வெறும் எழுத்து, காயில் ஆறாம் பக்கத்துல இருக்கு அதோட காண்டாக்ட் பதினொண்ணாம் பக்கத்துல இருக்குங்கறது உங்க மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு. பிஓஎம் (வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட்) ஒரு எக்செல், டெர்மினல் சார்ட் ஒரு எக்செல், ஃபெர்ரூல் (வயர் நுனில மாட்டுற நம்பர்) லிஸ்ட் இன்னொண்ணு. டிராயிங்கையும் சேத்து நாலுல ஒண்ண மாத்த மறந்தா அதை ஷாப் ஃப்ளோர்ல வயர்மேன்தான் கண்டுபிடிப்பாரு, அப்ப அவர் கிட்ட வாங்குற பேச்சு தனி. ஒரே மாதிரி ரெண்டு மூணு பக்க ஸ்டார்ட்டர் பேனல் மட்டும் பண்றீங்கன்னா இது போதும், மாத்தவே வேண்டாம்.

அடுத்து ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல். வியா டெவலப்மென்ட்னு ஒரு கம்பெனி ஆட்டோகேட் மேல பண்ணிட்டிருந்ததை ஆட்டோடெஸ்க் 2003ல வாங்கினதுதான் இது. முன்னாடி தனியா காசு குடுத்து வாங்கணும், 2019 வெர்ஷன்லேர்ந்து முழு ஆட்டோகேட் சப்ஸ்கிரிப்ஷனுக்குள்ளயே டூல்செட்டா வந்துடுது (எல்டிங்கற சின்ன வெர்ஷன் வெச்சிருந்தா கிடையாது). எனக்கு இதுல தான் ஆச்சரியம், வருஷா வருஷம் சப்ஸ்கிரிப்ஷன் கட்டுற ஆபீஸ்லயே இதை இன்ஸ்டால் கூட பண்ணாம ஈபிளானுக்கு கொட்டேஷன் கேக்குறாங்க.

இதுல நம்ம ரிவிஷன் எப்படி போகும்னா, ஸ்டார் டெல்டா சர்க்யூட்ட ஒரு தடவ போட்டு ஐகான் மெனுல சேவ் பண்ணி வெச்சிருந்தா, பழைய டிஓஎல்ல எடுத்துட்டு அதை போட்டதும் டேக் (கே5 மாதிரி பேரு) எல்லாம் புதுசா நம்பர் ஆகிடும், காயிலுக்கும் காண்டாக்டுக்கும் கிராஸ் ரெஃபரன்ஸ் தானா வரும், வயர் நம்பர் ஒரு கமாண்ட், பிஓஎம்மும் ஃப்ரம் டு லிஸ்ட்டும் (எந்த வயர் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு) ரிப்போர்ட்டா வரும், ஃபெர்ரூல் பிரிண்டருக்கு அதையே எக்செல்லா குடுத்துடலாம். ஜிஏவுல (பேனலுக்குள்ள எது எங்க வருதுங்கற லேஅவுட்) மட்டும் நீங்க உக்காரணும், புது காண்டாக்டர ஸ்கிமேட்டிக் (சர்க்யூட் டிராயிங்) லிஸ்ட்லேர்ந்து எடுத்து வெக்கலாம், ஆனா இடிக்குதா இல்லையான்னு அது சொல்லாது. பெரிய தலைவலி என்னன்னா ஒவ்வொரு ஷீட்டும் தனித்தனி டிராயிங் ஃபைல், டீம்ல ஒருத்தர் பழைய பழக்கத்துல ஒரு சிம்பலோட பிளாக்க எக்ஸ்ப்ளோட் பண்ணி வெறும் கோடா உடைச்சுட்டா அந்த காண்டாக்டர் பிஓஎம்லேர்ந்தே காணாம போயிடும், டிராயிங்ல பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும்.

ஈபிளான் வேற ரகம். ஜெர்மன் கம்பெனி, 1984ல ஆரம்பிச்சது, ரிட்டால் பேனல் பண்ற அதே குரூப். இப்ப ஓடுற எலக்ட்ரிக் பி8 2006ல வந்தது. இதுல முதல்ல டேட்டாபேஸ், டிராயிங் அதோட ஒரு முகம். ஆட்டோகேட்லேர்ந்து வர்றவங்க முத வாரம் திட்டுவாங்க, ஏன்னா வயர நீங்க வரையறதில்ல, ரெண்டு சிம்பல் நேரா வந்தா கனெக்ஷன் தானா விழுது. பழகிட்டா கை விடமாட்டாங்க. நம்ம ரிவிஷனுக்கு ஸ்டார் டெல்டா மேக்ரோவ (முன்னாடியே பண்ணி வெச்ச ரெடிமேட் சர்க்யூட்) போட்டு 7.5 கிலோவாட்னு வேல்யூ செட் செலக்ட் பண்ணா மூணு காண்டாக்டர், டைமர், ஓவர்லோட் பார்ட் நம்பர் எல்லாம் சேந்தே வரும். ப்ரோ பேனல் லைசென்ஸும் இருந்தா 3டில பிளேட்ல இடம் இருக்கா, வயர் எவ்வளவு நீளம் வெட்டணும், எங்க ஓட்டை போடணும்னு மெஷினுக்கே டேட்டா போயிடும். அது தனி லைசென்ஸ், விலை கேட்டா சின்ன ஷாப் ஓனருக்கு தூக்கம் வராது.

ஆனா டெமோல யாரும் சொல்லாத விஷயம், அந்த மேக்ரோவ யாராவது உக்காந்து பண்ணணும். ஈபிளானோட டேட்டா போர்ட்டல்ல (பார்ட் டேட்டா எடுத்துக்கற ஆன்லைன் லைப்ரரி) பெரிய பிராண்ட் பார்ட் எல்லாம் கிடைக்கும், நீங்க வாங்குற லோக்கல் டெர்மினலும் செலக்டர் சுவிட்சும் கிடைக்காது, அத நீங்களே சேக்கணும். ரெகுலர் வேலைய பாத்துக்கிட்டே சைடுல லைப்ரரி பண்ணிக்கலாம்னு நினைச்சா நடக்காது, ஒருத்தர அதுக்குன்னே ஒதுக்கணும், அது முடியாதுன்னா ஈபிளான் வாங்கியும் அதுல சாதா ஆட்டோகேட் மாதிரிதான் வரைஞ்சுட்டிருப்பாங்க. யூரோப் கம்பெனி ஆர்டர்ல ஈபிளான் ப்ராஜெக்டாவே குடுன்னு எழுதி வந்தா மட்டும் யோசிக்கவே இடமில்ல, வாங்கித்தான் ஆகணும்.

ஓசில வேணும்னா க்யூஎலக்ட்ரோடெக் இருக்கு, ஓப்பன் சோர்ஸ். காயில் காண்டாக்ட் லிங்க் பண்ணும், கண்டக்டர் நம்பர் போடும், பார்ட் லிஸ்ட்ட எடுத்து எக்செல்ல திறந்துக்கலாம். ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எக்ஸ்எம்எல் டெக்ஸ்ட், பைத்தான் தெரிஞ்ச பையன் இருந்தா ஸ்கிரிப்ட் எழுதி விளையாடலாம். பாலிடெக்னிக் பசங்களுக்கு அருமை. கன்சல்டன்ட் டிடபிள்யூஜி (ஆட்டோகேட் ஃபைல்) கேட்டா டிஎக்ஸ்எஃப் எடுத்து மாத்தித்தான் குடுக்கணும், ஜிஏ எல்லாம் அதுல எதிர்பாக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி சேல்ஸ்காரர் கொண்டு வர்ற டெமோ ப்ராஜெக்ட பாக்காதீங்க. உங்க பழைய ஜாப்ல ரிவிஷன் அதிகமா வந்த ஒண்ண எடுத்து அவர் கையில குடுத்து, மோட்டார மாத்தி டெர்மினல் சார்ட் வரைக்கும் எடுத்துக் காட்டுங்கன்னு சொல்லுங்க.