கையெழுத்து ஒருவருடையது, வயரிங் இன்னொருவருடையது

புது வீட்டுக்கு வயரிங் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆளிடம் பேசுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் பங்குத் தவறும் இதில் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

மதுரைக்கு வடக்கே ஊமச்சிகுளம் பக்கம் 1,100 சதுர அடியில் வீடு கட்டினோம். தளம் போடுவதற்கு முன்னால் பைப் பதிக்க எலக்ட்ரீஷியன் வேண்டும் என்று கொத்தனார் அவசரப்படுத்தினார், அவரே ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார். பேச்சில் பணிவு, வேலையில் சுறுசுறுப்பு. "லைசென்ஸ் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "லைசென்ஸ்காரர் நம்ம ஆளுதாண்ணே. டெஸ்ட் ரிப்போர்ட்டு நான் வாங்கித் தந்துர்றேன், நீங்க இ.பி. ஆபீஸ் பக்கமே வர வேணாம்" என்றார். வயரிங்கைச் சோதித்துப் பார்த்ததாக லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்டு இ.பி.க்குக் கொடுக்கும் சான்றுதான் டெஸ்ட் ரிப்போர்ட். அதற்கு இரண்டு நாள் முன்பு, உரிமம் உள்ள ஒரு பெரியவரிடமும் விலை கேட்டிருந்தேன். அவர் சொன்ன கூலி 22,000 ரூபாய் கூடுதல். அந்த 22,000 ரூபாய் கண்ணை மறைத்தது. கையெழுத்துக்கு மட்டும் தனியாக 3,500 ரூபாய் ஆகும் என்று தம்பி சொன்னபோதுகூட, வேலை செய்கிறவர் போடும் கையெழுத்துக்கு எதற்குத் தனி விலை என்று கேட்கத் தோன்றவில்லை.

சாமான் வாங்கியதும் அவர் சொன்ன கடையில்தான். ஏ.சி.க்கு 4 எம்.எம். ஒயர், பிளக்குகளுக்கு 2.5, லைட்டுக்கு 1.5 என்று நீளமான பட்டியல். 90 மீட்டர் காயில் ஒவ்வொன்றும் நல்ல கம்பெனி, ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் இருந்தது. பில்லைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். அந்தப் பில்தான் பின்னால் உதவியது.

பால் காய்ச்சிக் குடி போனோம். இன்வெர்ட்டர் வைத்த அன்றிலிருந்து வீட்டில் மொத்தக் கரண்டும் அடிக்கடி போகும். கரண்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியில் இருந்த ஆர்.சி.சி.பி. விழுந்து கிடக்கும். புது இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் கட்டாயம் என்பதால் வைத்தது அது. தம்பியைக் கூப்பிட்டேன். கால் மணி நேரம் ஏதோ செய்தார். "இது கொஞ்சம் வீக்குண்ணே, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அது விழவே இல்லை. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. பின்கட்டில் ஈரத்தரை. வாஷிங் மெஷின் மேல் அம்மா கையை வைத்தவர், அப்படியே தூக்கி எறியப்பட்டு விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. கை ஒட்டிக்கொள்ளாமல் உதறித் தள்ளியது அவர் செய்த புண்ணியம். டெஸ்டரை மெஷின் மேல் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது.

வேறு யாரைக் கூப்பிடுவது? கூலி அதிகம் என்று விட்ட அதே பெரியவரிடம்தான் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மறுநாள் கம்பியாள் (வயர்மேன்) ஒருவரோடும், ஒயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியோடும் வந்தார்.

முதலில் டி.பி.யைத் திறந்தார். "தம்பி, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆர்.சி.சி.பி. அதன் இடத்தில் அழகாக நிற்கிறது, ஆனால் வீட்டுக்குப் போகும் கரண்ட் அதற்குள் போகவே இல்லை. இரண்டு துண்டு ஒயரால் அதைச் சுற்றிக்கொண்டு நேராக இணைத்திருக்கிறார் அந்த எலக்ட்ரீஷியன் தம்பி. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) மற்ற லைன்களின் நியூட்ரலும் கலந்திருந்ததால்தான் அது விழுந்துகொண்டே இருந்ததாம். எந்த இடத்தில் கலந்தது என்று தேடிப் பிரிக்க அரை நாள் பிடிக்கும். சுற்றிவிட்டால் கால் மணி நேரம். அது வேலை செய்திருந்தால் அம்மா கை வைத்த நொடியிலேயே கரண்டை நிறுத்தியிருக்கும் என்று பெரியவர் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை.

மெஷின் பிளக்கைக் கழற்றினார். எர்த் ஒயர் அங்கே இழுக்கப்படவே இல்லை. அதற்குப் பதிலாக நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்துக்கு ஒரு ஒயர். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பது போலவே காட்டும், பார்க்கிறவன் ஏமாந்துபோவான். பைப்புக்குள் நியூட்ரல் ஜாயின்ட் ஒன்று மழை ஈரத்தில் கழன்றிருக்கிறது. உடனே, திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அந்தத் துண்டு ஒயர் வழியாக மெஷின் உடம்பு முழுக்க. பைப்புக்குள் ஜாயின்ட் போடவே கூடாதாம், பெட்டிக்குள்தான் போட வேண்டுமாம். ஒயர் பற்றவில்லை என்று நடுவில் முடிச்சுப் போட்டு டேப் சுற்றியிருக்கிறார்.

ஒயர் ஏன் பற்றவில்லை? பில்லில் 4 எம்.எம். காயில் இரண்டு. ஏ.சி. பாயிண்டில் இழுத்துப் பார்த்தால் ஒயர் மேலேயே அளவு அச்சடித்திருக்கிறது: 1.5. சுவருக்குள் 4 எம்.எம். ஒரு முழம்கூட இல்லை. பிரிக்காத காயில் கடைக்கே திரும்பிப் போய்ப் பணமாகியிருக்கும் என்றார் பெரியவர், சிரிக்காமல். எர்த் குழியைத் தோண்டினோம். எட்டடி இறங்க வேண்டிய குழாய் இரண்டடியில் நின்றது. மேலே மட்டும் சிமென்ட் தொட்டி, மூடி, பெயின்ட்.

அப்புறம் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்தேன். முத்திரை, உரிம எண், கையெழுத்து எல்லாம் அசல். காப்புத்தடை இவ்வளவு, எர்த் தடை இவ்வளவு என்று கட்டங்கள் நிரப்பியிருந்தன. அளந்தது யார்? அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "எந்த வீடு சார்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சார், கையெழுத்து மட்டும்தான் என்னோடது. வேலைக்கு நான் பொறுப்பில்லை" என்றார். வேலைக்குப் பொறுப்பு என்று சொல்லத்தானே அய்யா அந்தக் கையெழுத்து!

எனக்கே அப்போதுதான் தெரிந்த சில விஷயங்கள். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு உரிமம் தேவையில்லை. 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதியே அதற்கு விலக்குக் கொடுத்திருந்தது. ஆனால் புது வயரிங்கும், இருக்கிற வயரிங்கைக் கூட்டுவதும் மாற்றுவதும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்த உரிமத்தை இ.பி. கொடுப்பதில்லை. சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிறது. மேற்பார்வையாளர், கம்பியாள், கம்பி உதவியாளர் என்று ஆளுக்கும் தனித்தனிச் சான்று உண்டு. "இ.பி.ல எனக்கு ஆள் இருக்கு" என்று ஒருவர் சொல்வதற்கும் உரிமத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே ஆள் பேசும்போதே உரிம நகலைக் கேளுங்கள். அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். உரிமத்தில் உள்ளவரே வந்து நிற்கிறாரா என்று பாருங்கள், இது முக்கியம். "அவர் பிஸி, நான் அவர் ஆளு" என்றால், அந்த ஆளின் கம்பியாள் சான்றையாவது கேளுங்கள். சுவர் பூசுவதற்கு முன் எல்லாப் பைப்பையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச ஒயரை நீங்களே எண்ணி வாங்குங்கள். மெக்கர் வைத்து அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குடி போய்விட்டவர்கள் இன்றைக்கே ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். கரண்ட் இருக்கும்போது அமுக்கியும் வீட்டில் கரண்ட் போகவில்லை என்றால், அந்தக் கருவி செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் வீட்டு மாதிரி சுற்றிவிட்டிருக்க வேண்டும்.

பெரியவர் எல்லாவற்றையும் உருவி மறுபடி இழுக்க ஒயரோடு சேர்த்து 61,000 ரூபாய் ஆனது. பூசிய சுவரை மூன்று இடத்தில் உடைத்தோம். உரிம வாரியத்துக்குப் பில், படங்கள், ரிப்போர்ட் நகல் வைத்துப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் இன்னும் வரவில்லை. தம்பி போனை எடுப்பதில்லை.

போன வாரம் பக்கத்துத் தெருவில் அவர் வண்டி நின்றது. புது வீடு, பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா பாதிப் பணம் குடுத்துட்டேனே" என்றார். பெரியவரின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.