வேட்டைப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் துப்பாக்கி எடையைக் கேளுங்கள்: என் 4,600 வெள்ளி போச்சு

நியூசிலாந்தில் இமயமலை வரையாடு வேட்டை என்று சொல்லி, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு பயண ஏஜென்சி என்னிடம் 4,600 வெள்ளி வாங்கியது. போன வாரம்தான் திரும்பினேன். மலையில் பாதிகூட ஏறவில்லை. அந்த ஏஜென்சிக்காரன் இன்றைக்கும் அடுத்த பயணத்துக்கு விளம்பரம் போட்டிருக்கிறான். பார்த்ததும் வயிறு எரிந்தது, அதனால்தான் இந்தப் பதிவு.

வரையாடு என்றதும் கோபப்படாதீர்கள். நம் நீலகிரி வரையாடு வேறு, அதைத் தொடவே கூடாது. இவை 1904இல் நியூசிலாந்தில் கொண்டுபோய் விடப்பட்டவை. அங்கே இவற்றை அடிக்க ஒரு மிருகமும் இல்லை. மலைச் செடிகளை மேய்ந்து தீர்ப்பதால் அரசாங்கமே ஆள் வைத்துச் சுடுகிறது.

என் வலது தோளில் பழைய அடி உண்டு. அதை முதல் நாளே சொல்லிவிட்டேன். செங்குத்தான மலையில் நாள் முழுக்க நடந்து வேட்டையாட வேண்டும், துப்பாக்கி கனமாக இருந்தால் என்னால் முடியாது என்றேன். அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க நம்ம ஆளு. ஸ்கோப்போட சேர்த்து மூணரை கிலோ, அதுக்கு மேல ஒரு கிராம் இருக்காது. நானே தோள்ல போட்டு நடந்திருக்கேன்" என்றான். எனக்கு முன்னாலேயே ஒரு தாளில் 3.5 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான். தேசிய சேவையில் நாம் தூக்கிய எஸ்ஏஆர் 21 ராணுவத் துப்பாக்கி வெறுமனே 3.8 கிலோ இருக்கும். அதைவிட இலேசு என்றால் தாங்கும் என்று கணக்குப் போட்டு அங்கேயே பேநவ்வில் அனுப்பினேன். 4,600 வெள்ளி, ஒரே தவணையில்.

அங்கே உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து மேற்பார்த்தால் நம்மைப் போன்றவர்கள் சுடலாம். ஆக, அவர்கள் தருவதுதான் துப்பாக்கி. தந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தடித்த குழல், அதன் நுனியில் சைலன்சர், கீழே மடக்குக் கால், மேலே ஒரு முழ நீள ஸ்கோப். படுத்துக்கொண்டு இலக்குப் பலகையைச் சுடுவதற்கான சாமான் அது. பெட்டி நிறுக்கும் கைத்தராசின் கொக்கியில் வாரை மாட்டித் தூக்கினேன். முள் 5.8இல் நின்றது.

எடை அதிகம் என்பதோடு முடியவில்லை. பாரம் முழுக்கக் குழல் நுனியில் இருந்ததால் வார் தோளில் நிற்கவே இல்லை. சரளைச் சரிவில் இரண்டு கையையும் ஊன்றி ஏற வேண்டிய இடத்தில், ஒரு கை துப்பாக்கியைப் பிடிப்பதற்கே போய்விட்டது. முதல் முகட்டுக்குப் போவதற்குள் கை மரத்துவிட்டது. வழிகாட்டி நல்ல மனிதர், அவரே போதும் என்று இறக்கிக் கூட்டிவந்தார். ஏஜென்சி தனக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் காட்டினார். "ஒரு துப்பாக்கி, வலதுகைக்காரர்." அவ்வளவுதான். எடையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, என் தோளைப் பற்றியும் இல்லை.

திரும்பி வந்து கேட்டால், "அதெல்லாம் உத்தேச எடைதான் அண்ணே" என்றான். அப்புறம் "அது அந்த ஊர் சப்ளையர் பொறுப்பு." அப்புறம் மேனேஜர் விடுப்பு. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் கவுன்டரில் இருக்கும் பெண், "எடையைச் சொல்லி யாரும் காசைத் திருப்பிக் கேட்டதே இல்லை" என்கிறார். 4,600 வெள்ளியைக் கொடுத்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசியமானது மட்டும்: விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் துப்பாக்கியின் எடை. ஸ்கோப் அரை கிலோ வரும், அதைப் பிடிக்கும் வளையம், மடக்குக் கால், சைலன்சர், தோட்டா எல்லாம் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேல் சுலபமாக ஏறிவிடும். மலையில் நடப்பவருக்கு எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குள் இருந்தால் நல்லது. ரொம்ப இலேசானதும் ஆபத்து, பெரிய தோட்டா போட்டால் தோளில் உதைக்கும். குழல் மெல்லிசா தடியா என்று கேளுங்கள். தராசில் தொங்கும் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எடையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், தாளில் கிறுக்கித் தருவதை நம்பாதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கும் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தேக்கா பக்கம் இதே மாதிரிப் பயணத்துக்கு யாராவது முன்பணம் கட்டியிருந்தால், மிச்சப் பணத்தை அனுப்பாதீர்கள். முதலில் அந்த வழிகாட்டிக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டு, ஏஜென்சி அவரிடம் என்ன கேட்டிருக்கிறது என்று விசாரியுங்கள்.